‘கொல்லப்பட்டார்’ என்றே போடுங்கள்

ஓடுகிறேன். காலில் செருப்பு இல்லை. சரளைக் கல் குத்துகிறது. வலி தெரியவில்லை. காது அடைத்துவிட்டது. ஒரே ஓர் ஓசை. கொசு ரீங்கரிப்பது போல மெல்லியது. நீளமானது. அது வெளியில் இல்லை. என் தலைக்குள் இருக்கிறது.

திரும்பிப் பார்க்கிறேன். கிணறு துளைக்கும் ரிக் வண்டி நின்ற இடத்தில் கறுப்புப் புகை. டீசல் எரிகிறது. டயர் எரிகிறது. வண்டிமேல் நிமிர்ந்து நின்ற மாஸ்ட், அந்த நீளமான இரும்புக் கோபுரம், பாதியில் ஒடிந்து தரையில் கிடக்கிறது. சுற்றிலும் மஞ்சள் தண்ணீர் கேன்கள். சில இன்னும் உருண்டுகொண்டிருக்கின்றன. கேன் பிடித்து நின்றவர்களைக் காணவில்லை.

எதிரே சாலிம் நிற்கிறான். எங்கள் லாரி டிரைவர். அந்த ஊர்க்காரன். அவன் வாய் அசைகிறது. எனக்குக் கேட்கவில்லை. கையை வீசுகிறான். மலைப்பக்கம் காட்டுகிறான். பிறகு என் வலது காது கொஞ்சம் திறக்கிறது.

“ஓடுங்க! அங்கிட்டு ஓடுங்க! திரும்ப வரும்!”

தமிழில் கத்துகிறான். எங்களோடு ஒன்றரை வருடம் ஒரே லாரியில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட தமிழ். ‘அங்கிட்டு’ என்கிற சொல்லை அவனுக்குக் கற்றுக்கொடுத்தது என் மச்சான் கருப்பையா.

மச்சான் ரிக் வண்டியில் இருந்தார்.

நான் மலைப்பக்கம் போகவில்லை. புகையை நோக்கித் திரும்பினேன். சாலிமும் திரும்பினான். என்னை ஓடச் சொன்னவன் எனக்கு முன்னால் புகைக்குள் போனான்.

என் பெயர் பழனிவேல். புதுக்கோட்டை மாவட்டம், குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு சிற்றூர். போர்வெல் வண்டியில் வேலை. கருப்பையா என் அக்கா தனத்தின் புருஷன். ஆழ்துளைக் கிணறு போடுவதில் எங்கள் பகுதியில் பெயர் சொல்லும் ஆபரேட்டர். அவர்தான் என்னை இந்தத் தொழிலுக்குக் கூட்டி வந்தார். முதலில் வளைகுடாவுக்குப் போனோம். அங்கிருந்து எங்கள் கம்பெனி இன்னொரு நாட்டுக்கு ஒரு வண்டியை அனுப்பியது. வறட்சிப் பகுதிகளில் கிணறு போட ஒரு தொண்டு அமைப்பு ஏற்பாடு செய்திருந்தது.

நாட்டின் பெயரை எழுதவில்லை. பயத்தினால் அல்ல. என்னோடு இன்றும் போனில் பேசுகிற ஒருவர் அங்கே உயிரோடு இருக்கிறார். அவர் தலைக்கு மேல் அந்த விமானம் இன்றும் சுற்றுகிறது.

விமானம் என்றால் ஆள் ஓட்டும் விமானம் இல்லை. கண்ணுக்கு அநேகமாகத் தெரியாது. சத்தம் மட்டும் இருக்கும். தூரத்து ரோட்டில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி போய்க்கொண்டே இருக்கிற மாதிரி. போகும். ஆனால் போய்ச் சேராது. காலையில் இருக்கும். சாப்பிடும்போது இருக்கும். நாங்கள் அதற்கு வண்டு என்று பெயர் வைத்தோம். ஊர்க்காரர்கள் அண்ணாந்து பார்ப்பதையே விட்டிருந்தார்கள்.

அந்த மலைகளில் ஆயுதம் வைத்திருப்பவர்கள் உண்டு. அதை நான் மறைக்கவில்லை. அவர்களை ஒழிக்கத்தான் வண்டு சுற்றுகிறது என்றார்கள். ஒருமுறை நான்கு பேர் பிக்கப் வண்டியில் வந்தார்கள். டீசல் கேட்டார்கள். மச்சான் இரண்டு கேன் எடுத்துக் கொடுத்தார். முகத்துக்கு நேரே துப்பாக்கி இருக்கும்போது யாராக இருந்தாலும் கொடுப்பார்கள். அவர்கள் போனார்கள். திரும்பி வரவில்லை. குண்டு விழுந்த அன்று அவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. இதை எத்தனை அதிகாரிகள் கேட்டாலும் இப்படியே சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன்.

அந்த ஊரை முதன்முதலாகப் பார்த்த அன்று மச்சான் லாரியை விட்டு இறங்கி இடுப்பில் கை வைத்து நின்றார்.

“நம்மூரு மாதிரியேல்ல இருக்கு. சித்தன்னவாசல் பாறையக் கொண்டாந்து போட்ட கணக்கா. ஆடு, முள்ளு, வெயிலு. தண்ணி மட்டும் இல்ல.”

“நம்மூர்ல மட்டும் இருக்காக்கும்” என்றேன்.

“அதான் நாம வந்துருக்கோம்ல” என்றார்.

அந்த ஊர்ப் பெண்கள் மலையைச் சுற்றிக்கொண்டு போய்த் தண்ணீர் எடுப்பார்கள். கழுதை இருப்பவர்கள் கழுதையில். இல்லாதவர்கள் தலையில். அகமது என்கிற விவசாயி தன் சோளக்காட்டில் ஒரு மூலையைக் கிணற்றுக்குக் கொடுத்தார். ஹம்தா என்கிற அம்மா தினமும் காலையில் எங்களுக்கு ரொட்டி கொண்டுவருவார். காசு வாங்க மாட்டார். மச்சான் அவரை அக்கா என்றே கூப்பிடுவார். அவருக்கு அது தன் பெயர்தான் போலும் என்று ஆகிவிட்டது. யாஹ்யா, பள்ளிக்கூட வாத்தியார். அந்த நாட்டு மொழி எனக்குக் கொஞ்சம் வரும். வராத இடத்தில் யாஹ்யா மெதுவாகத் திருப்பிச் சொல்வார்.

மாசி மாதம். புதன்கிழமை மதியம் தண்ணீர் வந்தது. முதலில் வெள்ளைப் பவுடர். பிறகு ஈர மண். பிறகு பாறையை உடைக்கிற ஹேமரின் சத்தமே மாறியது. டங் டங் என்பது மாறித் தொப் தொப் என்று கேட்டது. மச்சான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அடுத்த நிமிடம் குழியிலிருந்து தண்ணீர் பீறிட்டு மாஸ்ட் உயரத்துக்கு எழுந்தது. ஊரே ஓடி வந்தது. நனைந்தார்கள். ஹம்தாவின் மகள் நூரா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அதற்குள்ளேயே நின்றாள். நான் போனில் படம் எடுத்தேன். நிறைய எடுத்தேன்.

வியாழக்கிழமை காலை. குழாய்க்குள் காற்றை அடித்துக் குழியைக் கழுவிக்கொண்டிருந்தோம். கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும்வரை அதைச் செய்ய வேண்டும். கம்ப்ரசர் ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. வண்டின் சத்தம் எங்கே கேட்கும்? பெண்கள் கேன்களோடு வரிசையில் நின்றார்கள். ஹசனும் ஹுசைனும், அண்ணன் தம்பி, கழுதைகளைக் கொண்டுவந்து கட்டினார்கள். மச்சான் ரிக் பலகையில் நின்று லீவரைப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்து இரண்டு கையாலும் வட்டம் போட்டுக் காட்டினார். வாய்மூடி வேண்டும். கிணற்றுக் குழாயின் வாயை மூடுகிற இரும்பு மூடி. அது கூடாரத்தில் இருந்தது. எடுக்கப் போனேன்.

அதனால்தான் இருக்கிறேன்.

சத்தம் முதலில் வரவில்லை. இதை யாரும் நம்புவதில்லை. முதலில் வந்தது காற்று. கூடாரம் என்மேல் விழுந்தது. பல் கிட்டித்துக்கொண்டது. தரை முதுகில் அடித்தது. அதற்குப் பிறகுதான் சத்தம். வெடிச்சத்தம் என்று அதைச் சொல்ல மாட்டேன். பெரிய இரும்புக் கதவை ஒரே அடியாக அறைந்து சாத்தினால் எப்படி இருக்கும்? அப்படி. ஒரே ஒரு முறை. பிறகு கம்ப்ரசர் நின்றது. அந்த அமைதி. அதற்குப் பிறகு கழுதை ஒன்று கத்தியது.

கூடாரத்துணியைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஓடினேன். சாலிமைப் பார்த்தேன். திரும்பினேன்.

மச்சான் குழிக்குப் பக்கத்தில் கிடந்தார். உயிர் இருந்தது. இடுப்புக்குக் கீழே நான் பார்க்கவில்லை. பார்த்தேன். எழுத மாட்டேன். அது அக்கா படிக்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டாம்.

என்னை அடையாளம் தெரிந்தது அவருக்கு.

“வாய்மூடி எங்கடா?”

“வச்சிருக்கேன் மச்சான். பேசாதீங்க.”

“மூடுடா மொதல்ல. கல்லு உள்ள போயிரும்.”

கக்கத்தில் கை கொடுத்து இழுத்தேன். கனமாக இருந்தார். ஊர்க்காரர்கள் ஓடி வந்தார்கள். தையல்காரர் இப்ராஹிம் யாரோ ஒரு பெண்ணைத் தோளில் போட்டார். மருத்துவச்சி பாத்திமா தலைத்துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அலி தன் பிக்கப் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி வந்து நிறுத்தினார். ஆள் ஏற்ற. சாலிம் புகைக்குள்ளிருந்து நூராவைத் தூக்கி வந்தான். அவள் தலை அவன் கைமேல் தொங்கியது. அவன் அதைத் தாங்கிப் பிடிக்கப் பார்த்தான். மறுபடி தொங்கியது.

மேலே வண்டு. இப்போது கேட்டது. கம்ப்ரசர் ஓடவில்லை அல்லவா.

“விடுங்க! படுங்க!” சாலிம் கத்தினான். இந்த முறையும் தமிழில். எனக்காக.

முதல் குண்டுக்கும் இரண்டாவது குண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடிகாரம் பார்க்கவில்லை. ஓர் ஆளை இழுத்துக்கொண்டு ஒரு சோளக்காட்டின் பாதியைக் கடக்கிற நேரம். காப்பாற்ற வருகிறவர்கள் வந்து சேருகிற நேரம். மேலே இருப்பவர்களுக்கு அது தெரியும். அவர்களிடம் கேமரா இருக்கிறது. பெண்ணின் தலைத்துணி அவர்களுக்குத் தெரிந்திருக்கும். கட்டுப் போடுவது தெரிந்திருக்கும். கையில் பிள்ளையைத் தூக்கியிருப்பது தெரிந்திருக்கும்.

தெரிந்துதான் போட்டார்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

கிணற்றிலிருந்து வந்த மண் குவியலுக்குப் பின்னால் நான் இருந்தேன். அந்தக் குவியல் என்னைக் காத்தது. இடது காலில் இரும்புத்துண்டு இறங்கியது. மச்சானின் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. புகை விலகியபோதும் பிடித்தபடியே இருந்தது. ஆனால் அவர் இல்லை.

சாலிம் இல்லை. பிக்கப் வண்டி இல்லை. கட்டுப் போட்டவர் இல்லை.

அன்று சாயங்காலமே அடக்கம் செய்தார்கள். அவர்கள் வழக்கம் அது. மலையடிவாரத்தில் புதிதாக ஒரு வரிசை வெட்டினார்கள். என்னைக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தார்கள். யாஹ்யா என் பக்கத்தில் குனிந்தார். உங்கள் வழக்கம் என்ன என்று கேட்டார். எரிப்போம் என்றேன். அவர் சுற்றிலும் பார்த்தார். நானும் பார்த்தேன். அந்த மலையில் ஓர் ஆளை எரிக்க விறகு கிடையாது. வீட்டுக் கதவுகளைக் கழற்றித் தருகிறோம் என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. தன் தம்பி காசிமை அப்போதுதான் குழிக்குள் இறக்கிவிட்டு வந்திருந்தார். சட்டையில் மண் இருந்தது.

கதவு வேண்டாம் என்றேன். உங்களோடு வையுங்கள் என்றேன்.

வேறு மதத்துக்காரராயிற்றே என்று பின்னால் ஒருவர் மெதுவாகக் கேட்டார். யாஹ்யா திரும்பாமலே பதில் சொன்னார். எங்களோடு செத்தார். எங்களோடு இருக்கட்டும்.

மூன்று பிடி மண் போட்டேன். நம் வழக்கப்படி சொல்ல வேண்டியது எதுவும் நினைவுக்கு வரவில்லை. மச்சான், நான் அக்காகிட்ட போயி சொல்லிக்கிறேன் என்றேன். அவ்வளவுதான் வந்தது.

கடலோர நகரம் ஒன்றில் ஆஸ்பத்திரி. சுவரில் டிவி. ஒருநாள் எங்கள் இடம் டிவியில் வந்தது. மேலேயிருந்து எடுத்த படம். சாம்பல் நிறம். நடுவில் ஒரு சிலுவைக் கோடு. கோட்டுக்கு நடுவில் எங்கள் ரிக் வண்டி. மாஸ்ட் நிமிர்ந்து நிற்கிறது. சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் அசைகின்றன. ஒவ்வொரு புள்ளியும் எனக்குப் பெயரோடு தெரியும். பிறகு வெள்ளையாக ஒரு வெளிச்சம். அதோடு படத்தை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது குண்டைக் காட்டவில்லை.

ஏவுகணைத் தளம் ஒன்று அழிக்கப்பட்டது என்றார்கள். தீவிரவாதிகள் கொல்லப்பட்டார்கள் என்றார்கள். பொதுமக்கள் எவருக்கும் பாதிப்பில்லை என்றார்கள். பக்கத்துக் கட்டில்காரர் எனக்கு அதை நிதானமாக இரண்டு முறை சொன்னார். சத்தம் போட்டுச் சிரித்தேன். நர்ஸ் ஓடி வந்தார். எங்கள் மாஸ்ட்டை ஏவுகணை என்று நினைத்தார்களாம். முந்தைய நாள் அதே மாஸ்ட்டின் உச்சிவரை தண்ணீர் பாய்ந்ததை அவர்கள் பார்க்கவில்லையா? இரவு பகலாகச் சுற்றியவர்கள் அதை மட்டும் எப்படிப் பார்க்காமல் விட்டார்கள்?

கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். தமிழ் பேசுபவர். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“தம்பி, கம்ப்ரசர் வெடிச்சிருச்சுன்னு சொல்லிருங்க. விபத்துன்னா எல்லாமே லேசு. ஒங்களையும் சீக்கிரம் ஊருக்கு அனுப்பிரலாம்.”

“கம்ப்ரசர் ரெண்டு தடவ வெடிக்குமாண்ணே?”

அவர் பழத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“வெடிச்ச கம்ப்ரசர் வானத்துலேருந்து விழுகுமா?”

“நீங்க கோவத்துல இருக்கீங்க. யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுட்டேன். பழத்த எடுத்துட்டுப் போங்க.”

எடுத்துக்கொண்டு போனார். நான் ஊருக்கு வர அதனால் தாமதமாயிற்று. ஆகட்டும்.

திருச்சி விமான நிலையத்தில் இரண்டு அதிகாரிகள் காத்திருந்தார்கள். தனி அறை. டீ கொடுத்தார்கள். எந்த இயக்கம் என்று கேட்டார்கள். யாருக்குக் கிணறு என்று கேட்டார்கள். டீசலைப் பற்றிச் சொன்னேன். ஒருவர் பேனாவை நிறுத்தினார்.

“அப்ப உதவி செஞ்சிருக்கீங்க.”

“துப்பாக்கி வச்சிருந்தவனுக்கு ரெண்டு கேன் டீசல். துப்பாக்கி இல்லாதவங்களுக்கு ஒரு கிணறு. ரெண்டையும் சேத்தே எழுதிக்கங்க சார்.”

எழுதினாரா என்று தெரியாது. சாயங்காலம் விட்டுவிட்டார்கள்.

அக்காவுக்கு நான் வருவதற்கு முன்பே செய்தி வந்திருந்தது. கம்பெனி ஆள் போன் செய்து விபத்து என்று சொல்லியிருந்தார். டிவியில் வேறு மாதிரி. தீவிரவாத முகாமில் தமிழர் இருந்தாரா என்று நான்கு பேர் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட எங்கள் ஊருக்கு வரவில்லை. வந்திருந்தால் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள், கருப்பையா போட்ட போர் எங்கெங்கே இருக்கிறது என்று. ஆனால் அந்தப் பேச்சு ஊருக்குள் வந்துவிட்டது. டீக்கடையில் அக்காவைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்களாம்.

கைத்தாங்கலாக வீட்டுக்குள் போனேன். அக்கா அழவில்லை. என்னை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

“கம்ப்ரசர் வெடிச்சதா?”

“இல்லக்கா.”

“அப்ப சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு.”

சொன்னேன். ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒன்றை அவளும் கேட்கவில்லை. வாய்மூடியைப் பற்றிச் சொன்னபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“எங்க வச்சிருக்காங்க?”

“மலைக்குக் கீழக்கா. வரிசையா.”

“ரெண்டு பக்கமும் யாரு?”

“ஒரு பக்கம் சாலிம். இன்னொரு பக்கம் ஹம்தாங்கிற அம்மா. ரொட்டி கொடுப்பாங்கன்னு மச்சான் போன்ல சொல்லிருப்பாரு.”

“ம். சொல்லிருக்காரு.” என் கையிலிருந்த செம்பை வாங்கிக் கீழே வைத்தாள். “அப்ப தனியா இல்ல.”

அதற்குப் பிறகுதான் அழுதாள்.

முப்பதாம் நாள் காரியத்துக்குப் பேனர் வைக்க வேண்டும். எங்கள் பக்கம் சாவுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் இல்லாமல் இருக்காது. அக்கா தானே வருவதாகச் சொன்னாள். இருவரும் பஸ் ஏறிக் கீரனூர் போனோம். பேனர் அடிக்கிற தம்பி கம்ப்யூட்டரில் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைக் காட்டினார். கீழே பூ, விளக்கு, பறக்கும் புறா. ‘இயற்கை எய்தினார்’ என்று இருந்தது.

“இது வேணாம்” என்றாள் அக்கா.

“‘அகால மரணமடைந்தார்’னு போடவாக்கா? வயசு கம்மில்ல.”

“‘கொல்லப்பட்டார்’னு போடுங்க.”

அவர் கை விசைப்பலகைமேல் நின்றது. என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

“வான்தாக்குதலில் கொல்லப்பட்டார். அப்படியே போடுங்க. புறாவ எடுத்துருங்க. அதுக்குக் கீழ இவங்க பேரயும் போடுங்க.”

என் போனை நீட்டினேன். புதன்கிழமை மதியம் எடுத்த படங்கள் அதில் இருந்தன. பெயர்களை யாஹ்யா அனுப்பியிருந்தார். குரலில் பேசி அனுப்பியிருந்தார். ஒவ்வொரு பெயரையும் மெதுவாகச் சொல்லி, நிறுத்தி, அவர் யார் என்றும் சொல்லியிருந்தார். அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, நான் அர்த்தம் சொல்ல, அக்கா ஒரு தாளில் தமிழில் எழுதி வைத்திருந்தாள்.

“அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார் அந்தத் தம்பி. “பூரா வெளிநாட்டு பாய் பேரா இருக்கு. இப்ப இருக்கிற நெலமைல வம்பாயிரும். அண்ணன் படம் மட்டும் போடுவோமே.”

“அவரு படம் மட்டும் போட்டா, அவரு என்னமோ தனியா போயி மாட்டிக்கிட்டு செத்த மாதிரில்ல ஆகும். அவரு கூட செத்தவங்க. இவங்க புள்ளகுட்டிக்கு பேனர் அடிக்க அங்க கட இருக்கா என்னான்னு தெரியல. நீங்க அடிங்க தம்பி.”

அடித்தார். நல்ல மனிதர். படத்தில் தண்ணீர் விழுகிற இடம் மங்கலாக இருந்தது. அதைத் தெளிவாக்க வெகுநேரம் உட்கார்ந்தார்.

பஸ் நிறுத்தத்தில் கட்டினோம். ஆட்கள் நின்று படித்தார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள். மச்சான் சிரிக்கிறார். பின்னால் தண்ணீர். தண்ணீருக்குள் பெண்கள், கழுதைகள், கை விரித்த நூரா. டீக்கடையில் பேச்சு மாறியது. இத்தனை பொம்பளைக நிக்கிற எடம் எப்படி முகாமாகும் என்று ஒருவர் கேட்டாராம். 

மறுநாள் காலை எஸ்.ஐ. வந்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“அம்மா, ஒங்க துக்கம் புரியுது. அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்திக்கங்க. ‘கொல்லப்பட்டார்’னா, யாரு கொன்னதுன்னு அடுத்த கேள்வி வரும்.”

“வரட்டுங்க. அதுக்குத்தான் போட்டுருக்கு.”

“மேலேருந்து கேக்குறாங்கம்மா.”

“மேலேருந்துதான் சார் போட்டாங்க.”

அவர் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். பேனருக்கு அனுமதி வாங்கவில்லை, அதனால் கழற்ற வேண்டியிருக்கும் என்றார். எங்கள் ஊரில் எந்தச் சாவுப் பேனருக்கும் யாரும் அனுமதி வாங்கியதில்லை. அதை அவரும் அறிவார். மதியம் ஆட்கள் வந்து கழற்றிக்கொண்டு போனார்கள்.

அக்கா அவர்களோடு சண்டை போடவில்லை. மடித்துக் கொடுங்கள் என்று மட்டும் கேட்டாள். கொடுக்கவில்லை.

சாயங்காலம் சுண்ணாம்பு அடிக்கிற ஆளைக் கூப்பிட்டு விட்டாள். தேர்தலுக்குச் சுவர் எழுதுகிற பெயிண்டரையும் வரச் சொன்னாள். எங்கள் வீட்டின் பக்கச் சுவர் ரோட்டைப் பார்த்தது. வெறும் சிமெண்ட் பூச்சு. அதில் வெள்ளை அடிக்கச் சொன்னாள்.

மச்சானின் அண்ணன் ஓடி வந்தார்.

“தனம், என்ன பண்ற? சாமிநாள், நல்லநாள் வரும் போகும். சுவத்துல எழுதிட்டா இது எப்பவும் துஷ்டி வீடாவே இருக்கும்.”

“இருக்கட்டும் மாமா.”

“பொண்ணு வளந்து நிக்கிது. நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரன் வந்து இதத்தான பாப்பான்?”

“பாத்துட்டு உள்ள வாரவன் வரட்டும். திரும்பிப் போறவன் போகட்டும். தீவிரவாதி மகள்னு யாராச்சும் சொல்லி அவ தலகுனிய வேணாம்ல.”

 அவர் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டார். பெயிண்டர் ஏறினார்.

மறுபடி ஸ்டேஷனிலிருந்து வந்தார்கள். பார்த்தார்கள். சொந்தச் சுவர். போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். இதுவரை அழிக்க வரவில்லை. வந்தால் மறுபடி எழுதுவோம். பெயிண்டர் தான் கூலி வாங்காமல் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

என் கால் சரியாகவில்லை. இனி ரிக்கில் ஏற முடியாது. வலது காதில் பேச்சு கேட்கிறது. இடது காதில் அந்தக் கொசு சத்தம் மட்டும். தூரத்தில் டிவிஎஸ் ஃபிஃப்டி போனால் உடம்பு தானாகச் சுவரோடு ஒட்டுகிறது. பிறகு நானே என்னை இழுத்து ரோட்டுக்கு நடுவில் நிறுத்துகிறேன்.

இந்தக் கணக்கை எழுதவே உட்கார்ந்தேன். அவர்கள் சொன்ன கணக்கில் பொதுமக்கள் ஒருவரும் இல்லை. எங்கள் சுவரில் பதினான்கு வரிகள் இருக்கின்றன.

முதல் குண்டில் விழுந்தவர்கள்: கருப்பையா, கிணறு போட்டவர். அகமது, நிலம் கொடுத்தவர். ஹம்தா, ரொட்டி சுட்டவர். நூரா, ஹம்தாவின் மகள். ஹசன், ஹுசைன், கழுதைக்காரர்கள், அண்ணன் தம்பி.

இரண்டாவது குண்டில்: சாலிம், லாரி ஓட்டியவர், தமிழ் பேசியவர். இப்ராஹிம், தையல்காரர். பாத்திமா, மருத்துவச்சி. காசிம், வாத்தியாரின் தம்பி. முக்பில், ஆடு மேய்த்தவர். அலி, பிக்கப் ஓட்டியவர். ஜமீலா, அலியைத் தேடி வந்த மனைவி.

இவர்களோடு ஒரு ரிக் வண்டி, ஒரு கம்ப்ரசர் லாரி, ஒரு பிக்கப், நான்கு கழுதைகள். கிணறு இடிந்து உள்ளே விழுந்துவிட்டது.

பதினான்காவது ஆளின் பெயர் கிடைக்கவில்லை. அந்த ஊர்க்காரர் இல்லை. அன்று காலை அந்த வழியாக எங்கோ நடந்து போனவர். கூட்டத்தைப் பார்த்து நின்றிருக்கிறார். யாஹ்யா சுற்றியுள்ள ஊர்களில் எல்லாம் விசாரித்தார். அவரைத் தேடி இன்னும் யாரும் வரவில்லையாம். பெயர் இல்லாமல் எப்படி எழுதுவது என்று பெயிண்டர் ஏணியில் நின்றபடி கேட்டார். அக்கா யோசித்துச் சொன்னாள். அவர் மற்றப் பெயர்களின் அளவிலேயே, அதே கறுப்பில் எழுதினார்.

தண்ணீர் குடிக்க நின்றவர்.